கம்பியில்லாக் கடிதம்: பாக்கெட் ரேடியோ டெர்மினலை நாமே கம்பைல் செய்வோம்

முன்னுரை

நம் லேபில் உள்ள கம்ப்யூட்டர்களில் வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் யாரோ ஏற்கெனவே ஏற்றி வைத்ததுதான். நாம் உட்காருகிறோம், ஐகானைத் தட்டுகிறோம், ரெக்கார்டில் அவுட்புட் எழுதுகிறோம், மணி அடித்ததும் எழுந்து போகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தாலும் திறந்து பார்க்க வழி தெரிவதில்லை. அந்த வழியைக் காட்டும் ஒரு சின்ன வேலையைத்தான் இக்கட்டுரையில் எழுதுகிறேன். அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் பாக்கெட் ரேடியோ டெர்மினல் சாஃப்ட்வேரை மூலக் குறிநிரலாக இறக்கி, நம் கையால் கம்பைல் செய்து, இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே செய்தி அனுப்பிப் பார்ப்பதே அந்த வேலை. இன்டர்நெட், செல்போன் டவர், சிம் கார்டு எதுவும் செய்தி போக வேண்டியதில்லை. சோர்ஸை இறக்குவதற்கு மட்டும் ஒரு தடவை நெட் வேண்டும்.

1. பாக்கெட் ரேடியோ என்றால் என்ன?

வாக்கிடாக்கியில் பேசுவது குரல். அதே வாக்கிடாக்கி வழியே எழுத்தை அனுப்புவது பாக்கெட் ரேடியோ. நாம் டைப் செய்யும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று முகவரி ஒட்டப்படுகிறது. கடைசியில் 16 பிட் நீளமுள்ள ஒரு சரிபார்ப்பு எண் சேர்க்கப்படுகிறது. எதிர்முனையில் அந்த எண் ஒத்துவராவிட்டால் பொட்டலம் தூக்கி எறியப்படும். பதில் வராததால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். ஆகவே செய்தி வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் வராது. அரைகுறையாக வருவது என்ற பேச்சே கிடையாது.

1978-ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரத்து அமெச்சூர்கள் இதை முதலில் செய்து காட்டினார்கள். இதற்கான விதிமுறைக்கு ஏ.எக்ஸ்.25 என்று பெயர். அதன் 2.0 பதிப்பு 1984-இல் வெளியானது.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு பொட்டலம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று காட்ட 01111110 என்ற அடையாளம் வைத்திருக்கிறார்கள். செய்திக்குள்ளேயே இதே வரிசை வந்துவிட்டால் குழப்பம்தானே? அதற்காக, செய்தியில் ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் அனுப்புகிறவர் ஒரு பூஜ்யத்தைச் செருகிவிடுவார், வாங்குகிறவர் அதை எடுத்துவிடுவார். ஆறு ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் அது அடையாளம்தான், வேறொன்றும் இல்லை. செமஸ்டர் பேப்பரில் "பிட் ஸ்டஃபிங்" என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்வோமே, அது இதுதான்.

வேகம் 1200 பாட். ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுருதிகள். பிட் பூஜ்யமானால் சுருதி மாறும், ஒன்றானால் மாறாது. வினாடிக்கு 1200 பிட் என்றால் 150 பைட். ஒரு பொட்டலத்துக்குள் 256 பைட் செய்தி வைக்கலாம். அது போய்ச் சேர ஒன்றே முக்கால் வினாடி ஆகும். தமிழிலும் அனுப்பலாம். இருமுனையிலும் உள்ள டெர்மினல் யுடிஎஃப்-8 முறையை ஏற்றுக்கொண்டால் போதும். அந்த முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். "அம்மா" என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். வானில் அது பறக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்.

2. என்னென்ன சாஃப்ட்வேர்?

பழைய நாளில் இதற்கு டி.என்.சி. என்ற தனிப் பெட்டி வாங்க வேண்டும். இப்போது அந்தப் பெட்டியின் வேலையைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டே செய்துவிடுகிறது. நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, டைர்வுல்ஃப். ஜான் லாங்னர் என்ற அமெரிக்க அமெச்சூர் எழுதிய சாஃப்ட்வேர் மோடம். பிட்டுகளைச் சுருதியாக்கும், சுருதியைப் பிட்டுகளாக்கும்.

இரண்டாவது, லினக்ஸ் கர்னலில் இருக்கும் ஏ.எக்ஸ்.25 மாட்யூலும் அதன் துணைக் கருவிகளும். லினக்ஸுக்குள் இதை முதலில் கொண்டுவந்தவர் ஆலன் காக்ஸ்.

மூன்றாவது, லின்பேக். இதுதான் நாம் கண்ணால் பார்க்கும் டெர்மினல். செக் நாட்டைச் சேர்ந்த ராடெக் புர்கெட் எழுதியது. பின்னாளில் டேவிட் ராஞ்ச் என்பவர் பராமரித்தார். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. மௌஸ் வேண்டாம், படம் வேண்டாம், எழுத்துத்திரை மட்டும். ஆகவே ஓரமாய்த் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரே போதும்.

மூன்றுமே இலவசம். மூலக் குறிநிரலும் திறந்தே கிடக்கிறது.

இறங்குவதற்கு முன் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா லினக்ஸ் கர்னலிலும் ஏ.எக்ஸ்.25 மாட்யூல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ரூட் அனுமதியோடு "மோட்ப்ரோப் ஏஎக்ஸ்25" என்று அடியுங்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் இருக்கிறது என்று அர்த்தம். "நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் அந்தக் கர்னலில் லின்பேக் ஓடாது. அப்போது வேறு வழி உண்டு. டைர்வுல்ஃபுக்குள்ளேயே ஏ.எக்ஸ்.25 முழுதும் எழுதப்பட்டிருக்கிறது. 8000-ஆம் எண் டி.சி.பி. போர்ட் வழியாக அதனோடு பேசும் டெர்மினல்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கர்னல் மாட்யூல் தேவையில்லை.

3. கம்பைல் என்பதும் சரவெடி பின்னுவதும்

நான் விஸ்வநத்தத்துக்காரன். எங்கள் பக்கம் சரவெடி பின்னுவதைப் பார்க்காத பிள்ளை இருக்க முடியாது. முதலில் ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகத் தயாராகும். குழாய் ஒரு இடம், மருந்து ஒரு இடம், திரி ஒரு இடம். பிறகுதான் பின்னலுக்கு வரும். வெடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திரியோடு திரி சேர்த்து நூலால் பின்னிக்கொண்டே போவார்கள். என் அம்மா அந்த வேலைதான் பார்க்கிறார்கள். எந்த வெடியின் திரி நடுத்திரியோடு சேரவில்லையோ அது வெடிக்காமல் தனியே விழும்.

கம்பைல் செய்வதும் இதே மாதிரிதான். சோர்ஸ் ஃபைல் ஒவ்வொன்றையும் கம்பைலர் தனித்தனியே ஆப்ஜெக்ட் ஃபைலாக ஆக்கும். இது வெடி செய்யும் வேலை. எல்லாம் முடிந்தபின் லிங்கர் வந்து அவற்றையும் வெளி லைப்ரரிகளையும் ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டும். இது பின்னல் வேலை. கம்பைலர் எரர் வேறு, லிங்கர் எரர் வேறு என்பதை இந்த இடத்தில் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

4. படிப்படியாகச் செய்முறை

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. டெபியன் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

அ) சாமான் சேகரித்தல்: சமையலுக்கு முன்னால் அரிசி பருப்பு பார்ப்பது போல. கம்பைலரும் மேக் கருவியும் அடங்கிய "பில்ட் எசென்ஷியல்" பேக்கேஜ், "சிமேக்", "ஆட்டோகான்ஃப்", "ஆட்டோமேக்", "லிப்டூல்", "கிட்" ஆகியவற்றை "ஆப்ட் இன்ஸ்டால்" கொடுத்து ஏற்றுங்கள். அடுத்து சவுண்டுக்கான ஆல்சா, யுடெவ், திரைக்கான என்கர்சஸ், நெறிமுறைக்கான லிப்ஏஎக்ஸ்25 ஆகிய லைப்ரரிகள். இந்த நான்கையும் ஏற்றும்போது பெயர் முடிவில் "டெவ்" என்று இருக்கும் பேக்கேஜைத்தான் எடுக்க வேண்டும். லைப்ரரியை மட்டும் ஏற்றினால் புரோகிராம் ஓடும், ஆனால் புதிதாகக் கம்பைல் செய்ய ஹெடர் ஃபைல் கிடைக்காது. கடைசியாக ஏஎக்ஸ்25 டூல்ஸ், ஏஎக்ஸ்25 ஆப்ஸ்.

ஆ) டைர்வுல்ஃப்: சோர்ஸை கிட் மூலம் இறக்கி, அந்த டைரக்டரிக்குள் "பில்ட்" என்று ஒரு டைரக்டரி உண்டாக்கி அதற்குள் போங்கள். "சிமேக்" என்று அடித்து, இடம் விட்டு இரண்டு புள்ளி வையுங்கள். பிறகு "மேக்". பிறகு ரூட் அனுமதியோடு "மேக் இன்ஸ்டால்". கடைசியாக "மேக் இன்ஸ்டால்-கான்ஃப்". இந்தக் கடைசிக் கட்டளைதான் மாதிரி அமைப்புக் கோப்பை உங்கள் ஹோம் டைரக்டரியில் வைக்கும்.

இ) லின்பேக்: சோர்ஸை இறக்கி உள்ளே போய் "ஆட்டோரீகான்ஃப்" கட்டளையை "இன்ஸ்டால்" ஆப்ஷனோடு அடியுங்கள். அது கான்ஃபிகர் ஸ்கிரிப்டைத் தயார் செய்யும். பிறகு கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று வரிசையாக மூன்று படி. கான்ஃபிகர் என்பது சரக்குச் சரிபார்க்கும் கணக்கப்பிள்ளை மாதிரி. ஒவ்வொன்றாகக் கேட்டு "யெஸ்", "நோ" என்று எழுதிக்கொண்டே போகும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் ஓடவிடாதீர்கள்.

"ஆப்ட் மூலமே லின்பேக்கை ஏற்றலாமே, எதற்கு இத்தனை பாடு?" என்று கேட்கலாம். டெபியனில் அது பேக்கேஜாகவும் வந்திருக்கிறது, உண்மைதான். கடையில் வாங்கித் தின்ன ஐந்து நிமிஷம் போதும். நமக்குச் சமைக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடு.

5. எரர் மெசேஜ்: நமக்கு வாய்த்த அண்ணன்

இதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் வீட்டில் அண்ணனோ அக்காவோ மாமாவோ இருப்பார்கள். என் மாதிரிப் பிள்ளைகளுக்கு ராத்திரி பத்து மணிக்குக் கேட்க ஆள் கிடையாது. திரையில் ஆங்கிலத்தில் நாற்பது வரி ஓடினால் "நமக்கு இது ஆகாது" என்று மூடி வைக்கத்தான் மனசு சொல்லும். ஆனால் அந்த நாற்பது வரியும் திட்டவில்லை நண்பர்களே, என்ன இல்லை, எங்கே இல்லை என்று பேரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்கிறது. அதைப் படிக்கப் பழகினால் அதுதான் நமக்கு அண்ணன்.

படிக்கும் முறை இது. கடைசி வரியைப் பார்க்காதீர்கள், மேலே ஏறிப் போய் முதலில் "எரர்" என்ற சொல் வரும் வரியைப் பிடியுங்கள். முதல் தப்பால் வந்த பிள்ளைக்குட்டிகள்தான் கீழே உள்ள மற்றதெல்லாம்.

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்": அந்தக் கருவியே கம்ப்யூட்டரில் இல்லை. முன்னால் உள்ள பெயரைப் பார்த்து அதை ஏற்றுங்கள்.

"ஃபேட்டல் எரர்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி": ஹெடர் ஃபைல் இல்லை. அதன் பெயரும் அதே வரியில் இருக்கும். பெரும்பாலும் "டெவ்" பேக்கேஜ் விட்டுப்போயிருக்கும்.

"அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்": வெடி தயார், பின்னலில் சேரவில்லை. லிங்கருக்கு அந்த லைப்ரரி கிடைக்கவில்லை.

"எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரிஸ்": கம்பைல் எல்லாம் சரி, ஓடும்போது லைப்ரரி இருக்கும் இடம் தெரியவில்லை. சோர்ஸிலிருந்து ஏற்றிய லைப்ரரி என்றால் ரூட் அனுமதியோடு "எல்டிகான்ஃபிக்" ஒரு தடவை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

"பெர்மிஷன் டினைட்": அனுமதிப் பிரச்சினை. சவுண்ட் கார்டுக்கு "ஆடியோ" குரூப்பிலும், சீரியல் போர்ட்டுக்கு "டயல்அவுட்" குரூப்பிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். சேர்த்தபின் ஒரு தடவை லாக்அவுட் செய்து வரவும்.

இந்த ஐந்தையும் நோட்டில் எழுதி வைத்தால் பாக்கெட் ரேடியோவுக்கு மட்டுமல்ல, பின்னால் எந்த சாஃப்ட்வேரைக் கம்பைல் செய்தாலும் உதவும்.

6. இணைப்புக் கொடுத்தல்

"இடிசி" டைரக்டரிக்குள் "ஏஎக்ஸ்25" என்ற டைரக்டரி, அதற்குள் "ஏஎக்ஸ்போர்ட்ஸ்" என்ற ஃபைல். அதில் ஒரு போர்ட்டுக்கு ஒரு வரி. வரிசை இதுதான்: போர்ட்டுக்கு நாம் வைக்கும் பெயர், அழைப்புக்குறி, வேகம், பொட்டலத்தின் அதிகபட்ச நீளம், விண்டோ, குறிப்பு. அழைப்புக்குறி ஆறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். பின்னால் ஒரு கோடு போட்டு 0 முதல் 15 வரை ஒரு எண் சேர்க்கலாம். விண்டோ என்பது பதில் வருமுன் எத்தனை பொட்டலம் அனுப்பலாம் என்ற கணக்கு. 7 வரை வைக்கலாம், ஆரம்பத்தில் 2 போதும். ஃபைலில் வெற்று வரி விடாதீர்கள்.

டைர்வுல்ஃபை "மைனஸ் பி" ஆப்ஷனோடு ஓட்டினால் "டெம்ப்" டைரக்டரியில் "கிஸ்டிஎன்சி" என்று ஒரு போலி சீரியல் போர்ட் உண்டாகும். இன்னொரு திரையில் ரூட் அனுமதியோடு "கிஸ்அட்டாச்" கட்டளைக்கு அந்த இடத்தையும் போர்ட் பெயரையும் கொடுத்தால் கர்னலும் மோடமும் கைகோர்த்துக்கொள்ளும். "போர்ட் நாட் ஆக்டிவ்" என்று வந்தால் ஃபைலில் பெயர் இருக்கிறது, ஆனால் கிஸ்அட்டாச் நடக்கவில்லை என்று பொருள்.

இனி லின்பேக்கை ஓட்டுங்கள். முதல் தடவை உங்கள் ஹோம் டைரக்டரியில் தனக்கென்று ஒரு டைரக்டரி அமைத்துக்கொள்ளும். முக்காற்புள்ளியில் ஆரம்பிக்கும் வரி கட்டளை, மற்றதெல்லாம் எதிர்முனைக்குப் போகும் எழுத்து.

7. வானொலி இல்லாமலே சோதனை

முதல் சோதனைக்குக் கேபிள்கூட வேண்டாம். டைர்வுல்ஃபோடு "ஜென்_பாக்கெட்ஸ்" என்ற கருவி வரும். அது பொட்டலங்களை ஒலிக் கோப்பாக எழுதும். "ஏடெஸ்ட்" என்ற கருவி அந்தக் கோப்பைக் கேட்டுத் திரும்ப எழுத்தாக்கும். ஒலிக் கோப்பை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் கர்ரென்று ஒரு சத்தம் வரும். அதற்குள் எழுத்து இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் சோதனைக்கு இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு ஆடியோ கேபிள். ஒன்றின் ஸ்பீக்கர் அவுட்டை மற்றதன் மைக் இன்னுக்கும், அதன் ஸ்பீக்கர் அவுட்டை இதன் மைக் இன்னுக்கும் குறுக்காகச் செருகுங்கள். வால்யூமைக் குறைத்து வையுங்கள். டைர்வுல்ஃப் காட்டும் ஆடியோ லெவல் சுமார் 50-இல் இருந்தால் நல்லது. வானொலி அலை இல்லாததால் இதற்கு லைசென்ஸ் வேண்டாம். இரண்டு முனைக்கும் "டெஸ்ட்-1", "டெஸ்ட்-2" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒரு முனையிலிருந்து கனெக்ட் கொடுத்தால் "எஸ்.ஏ.பி.எம்." என்ற பொட்டலம் போகும். கதவைத் தட்டுவது போல. "யு.ஏ." என்ற பதில் வந்தால் கதவு திறந்தது. நடுவில் கேபிளைப் பிடுங்கிவிட்டு டைப் செய்யுங்கள். அனுப்பும் முனை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். கேபிளைச் சீக்கிரமாகத் திரும்பச் செருகினால் விட்டுப்போன வரி முழுசாக வந்து விழும். புத்தகத்தில் படித்த "எரர் கண்ட்ரோல்" கண் முன்னால் நடப்பதைப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

8. வானில் ஏறுமுன் சட்டம்

உண்மையான வானொலியில் அனுப்ப லைசென்ஸ் கட்டாயம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை எழுத வேண்டும். வானொலித் தத்துவமும் விதிமுறையும்தான் பாடம். நம் டிப்ளமோ பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். நம் நாட்டில் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு இடம் உண்டு.

எங்கள் பகுதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பட்டாசு ஆலைக்குள்ளோ மருந்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ டிரான்ஸ்மிட்டர் கொண்டு போகவே கூடாது. இடி மின்னல் வந்தால் ஆலையில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்புவது போல, நாமும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

9. இதனால் என்ன பிரயோஜனம்?

அம்மாவும் இதைத்தான் கேட்டாங்க. "ஏய்யா, போன்ல பேசுனா ஆகாதா? இதுக்கா ராத்திரி பூரா முழிக்கிற?" என்று.

போன் இருக்கிற வரைக்கும் ஆகும்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி அறுந்துபோனது. தற்செயலாக அப்போது அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் வெளியுலகுக்குச் செய்தி சொன்னார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டா மாவட்டங்களிலும் டவர்கள் செயலிழந்ததை நாம் மறக்கவில்லை.

எங்கள் ஊருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒரு நாளில் வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பட்டியல். யார், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த ரத்தப் பிரிவு. எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டால் லைன் கிடைக்காது. இரைச்சலுக்கு நடுவே குரலில் சொன்னால் மாரியம்மாள் மாரியப்பன் ஆகலாம், பி பாசிட்டிவ் ஓ பாசிட்டிவ் ஆகலாம். பாக்கெட் ரேடியோவில் அப்படி ஆகாது. சரிபார்ப்பு எண் ஒத்தால்தான் எழுத்து திரைக்கு வரும். அனுப்பிய பெயரே வந்து சேரும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பேரு மாறாமப் போகும்னா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாங்க.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது. ஓரிடத்தில் செய்தியை வாங்கிச் சேமித்து வேறிடத்துக்கு மேலே வரும்போது இறக்கிக் கொடுப்பதுதான் அதன் முக்கியச் சோதனை.

முடிவுரை

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. விற்கிற தீப்பெட்டியை வாங்கி வந்திருந்தால் ஊர் மாறியிருக்காது, செய்கிற முறையைக் கற்று வந்தார்கள். சோர்ஸ் கோட் என்பதும் செய்கிற முறைதான். அதற்குக் கல்கத்தா வரை போக வேண்டியதில்லை, லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இரண்டு கேபிளும் இருந்தால் போதும்.

நமது துறையில் ஆர்வமுள்ள நான்கைந்து பேர் சேர்ந்தால் அடுத்த செமஸ்டருக்குள் இரண்டு லேப்களுக்கு இடையே கேபிளில் இதை ஓட்டிவிடலாம். லைசென்ஸ் தேர்வுக்கும் சேர்ந்தே படிக்கலாம். முதலாமாண்டுத் தம்பி தங்கைகளும் தயங்காமல் வரலாம். ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்க வேண்டாம். முதலில் "எரர்" என்று வரும் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும், மிச்சத்தை அதுவே சொல்லிக்கொடுக்கும்.

— விஸ்வநத்தம் மாணவன், மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு